குளிர்காய வந்தவர்கள்

குயில்மட்டம் எஸ்டேட்டில் தண்ணீர்க் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே உறைந்து வெடித்த வருஷம், தோட்டத்துக் கண்டக்டர் வீட்டுப் பசு நின்ற நிலையிலேயே விறைத்துச் செத்த வருஷம், மலை முழுக்கத் தேயிலைச் செடிகள் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகிக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்ட அந்த வருஷத்து மார்கழியில், தொழிலாளர் குடியிருப்பில், மேல் லைன் ஆறாவது வீட்டில் புஷ்பவதிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. பிறந்தபோதே கொதித்தது.

பிரசவம் பார்த்தவள் பக்கத்து வீட்டுச் செபமாலை. புருஷனைப் பறிகொடுத்தவள், லைனில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையைத் துணியில் ஏந்தியவள், சூடு தாங்காமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கும் அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே, "ஏ புஷ்பம், புள்ள அடுப்புக்கல்லு கணக்கா இருக்குதே" என்றாள். குளிப்பாட்டப் பச்சைத்தண்ணீர்தான் ஊற்றினார்கள். அது பிள்ளையின் மேல் பட்டு ஆவி பறக்க வழிந்தது. சுட்டது, ஆனால் பொசுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தகரக் கூரை மேலே படிந்திருந்த பனி உருகிச் சொட்ட ஆரம்பித்தது. வாசலில் விறைத்துக் கிடந்த கோழி எழுந்து நடந்து உள்ளே வந்து, பிள்ளையின் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

ஜுரம் என்று பயந்து மறுநாள் காலையில் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள். கம்பவுண்டர் வைத்த தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போய் நுனியில் படக்கென்று உடைந்தது. அவர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"பால் குடிக்குதா?"

"குடிக்குதுங்க."

"ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போகுதா?"

"போகுதுங்க."

"அப்புறம் என்ன, கூட்டிட்டுப் போங்க." சொன்னாரே தவிரப் பிள்ளையை உடனே கொடுக்கவில்லை. ஸ்வெட்டரை விலக்கித் தன் நெஞ்சோடு சேர்த்து, கண்ணை மூடி, வேண்டியதற்கு மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குளிரில் அப்படிக் கேட்கிற தெம்பு யாருக்கும் இல்லை. முதலில் செபமாலை தன் இளைப்பு நெஞ்சைக் காயவைக்க வந்து உட்கார்ந்தாள். அப்புறம் அவள் சொல்லி எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் சொல்லி அடுத்த வரிசை வந்தது, ஒரு வாரத்தில் அந்தப் பத்தடி அறைக்குள் இருபது பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நாலு நாளாகக் காயாத துணிகளைக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றி விரித்தார்கள். மார்கழிக் குளிரில் புளிக்காத தோசை மாவைச் சட்டியோடு கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் வந்து பொங்கி வழிந்த மாவை எடுத்துப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதின, மற்ற இடத்தில் விரல் மடங்கவில்லை என்று. கடைசி வீட்டுக் கிழவர் ஒருவர், போகிற உயிர் கதகதப்பில் போகட்டும் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து மூலையில் படுத்தார், மூன்றாம் நாள் மத்தியானம் சிரித்த முகமாகப் போய்ச் சேர்ந்தார். அவரைத் தூக்கிய இடம் ஆறுவதற்குள் அங்கே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

புஷ்பவதிக்கு முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஏழு வருஷம் அந்த லைனில் குப்பை கொட்டியும் குழாயடியில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்தது கிடையாது. இப்போது ஆளாளுக்கு முட்டையும் கருப்பட்டியும் கொண்டுவந்து, "எங்க ராசாவப் பெத்தவளே, நல்லாத் தின்னு, பால் ஊறட்டும்" என்றார்கள். அவள் புருஷன் பொன்னுத்துரை செடிகளுக்கு மருந்தடிக்கிறவன். முதுகில் டின்னைச் சுமந்து சுமந்து கூன் விழுந்தவன். கூட்டத்தில் பேச வாயெடுத்தால் பாதியில் மற்றவர்கள் பேசிவிடுவார்கள், அவனும் வாயை மூடிக்கொள்வான். அவன் இப்போது வாசற்படியில் ஒரு தேக்கங்கழியோடு உட்கார்ந்து யார் உள்ளே போகலாம், யார் நிற்கவேண்டும் என்று சொன்னான். கூன் நிமிர்ந்துவிட்டது. பத்தாம் நாள், வரிசையை முந்திய ஒருவனின் முழங்காலில் கழியை இறக்கினான். அடிபட்டவன் நொண்டிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றான். அதைப் பார்த்த பிறகு பொன்னுத்துரைக்கு அடிக்கிறது சுலபமாகிவிட்டது.

மூத்தவள் மேனகாவுக்கு நாலு வயசு. தம்பி பிறக்கும்வரை அம்மாவின் வலது கைதான் அவளுக்குத் தலையணை. இப்போது அந்தக் கைக்கும் அவளுக்கும் நடுவே இருபது பேர் இருந்தார்கள். கதகதப்பெல்லாம் பெரியவர்களின் முதுகில் தடுத்து நின்றுவிட, அவள் கதவிடுக்கில் காற்று வருகிற இடத்தில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இவங்கல்லாம் எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கத்திக் கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அகப்பையை எடுத்துவந்து கைக்கெட்டிய முதுகிலெல்லாம் அடித்தாள். அதற்கும் சிரித்தார்கள். ஒருவருடைய காதைப் பிடித்து ரத்தம் வரக் கடித்தபோதுதான் பொன்னுத்துரை வந்து அவளை ஓங்கி அறைந்தான். மகளை அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. மேனகா அழவில்லை, அறைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில், வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக மொறமொறத்துக் கிடக்க, அவள் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு அடியில் புகுந்து புகுந்து தம்பியிடம் போய்ச் சேர்ந்து, அவன் தொடையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்துத் தன் பலம் முழுக்கச் சேர்த்துக் கிள்ளினாள்.

பிள்ளை வீறிட்டது. அந்த வீறலோடு ஒரு சூடு கிளம்பியது. சூளைவாயைத் திறந்ததுபோலக் கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர்கள் வேர்த்துப் பின்னால் சாய்ந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் போர்வையை அவிழ்த்தார்கள். வாசலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள்வரை எட்டி, ஒரு மாசமாகக் குறுக்கியிருந்த தோள்களை எல்லாரும் இறக்கி, "ஆ" என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனி சரசரவென்று வழிந்து இறங்கியது. மேனகாவை யாரும் திட்டவில்லை. பிள்ளை அழுது ஓய்ந்து சூடு தணிந்தபோது, அந்த அமைதியில் யாரோ ஒருவர் மெதுவாக, "இன்னொரு தடவ" என்றார். யார் சொன்னது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து எண்ணெய் தேய்க்கும்போது புஷ்பவதி பார்த்தாள். தொடையிலும் முதுகிலும் அக்குளிலும் நாவற்பழத்தை நசுக்கியதுபோலத் தடங்கள். ஒன்றின்மேல் ஒன்று, பெரிய விரல்களின் தடங்கள். புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கொசு கடிச்சிருக்கும்."

"இந்தப் பனியில ஏதுங்க கொசு?"

"புள்ளைன்னா அழத்தான் செய்யும். அழுதாத்தான் நெஞ்சு விரியும்னு செபமாலையக்காவே சொல்லுது." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கழியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அன்றே அவள் கூட்டத்தை விரட்டியிருக்கலாம். விரட்டாததற்கு அவள் பிறகு தனக்குத்தானே பல காரணம் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் நிற்கவில்லை. அந்த வாரத்தில் ஒரு விடியலில், ஆட்கள் வருவதற்கு முன்னால், மேனகா உதடு நீலம் பாரிக்க இருமிக்கொண்டிருந்தாள். இருமலில் உடம்பு வில்லாக வளைந்தது. பக்கத்தில் இளையவன் அயர்ந்து தூங்கினான், இளஞ்சூட்டோடு. புஷ்பவதி மூத்தவளை இழுத்து அவனோடு ஒட்டிப் படுக்கவைத்தாள். போதவில்லை. அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி, தடவி, கிள்ளினாள். எவ்வளவு அழுத்தவேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை அலறியது, அறை சுட்டது, மேனகாவின் இருமல் நின்றது, கன்னத்தில் சிவப்பு வந்தது, தூங்கிப்போனாள். தன் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை. அதற்குப் பிறகு கிள்ளுகிறவர்களைத் தடுக்கப் புஷ்பவதிக்கு வாய் எழவில்லை.

விஷயம் கண்டக்டர் காதுக்குப் போயிற்று. தேயிலைக்காட்டில் வேலை பிரித்துக்கொடுக்கிற மனிதர், கருகிய மலைக்குத் தோட்டத்துத் துரையிடம் பதில் சொல்லவேண்டியவர். அவர் பொன்னுத்துரையைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் காலையிலிருந்து பொன்னுத்துரை பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மேல் மலைக்காட்டில் நிரை நிரையாக நடந்தான். கூடவே செபமாலை நடந்து, பிள்ளை அழுகையை நிறுத்தும்போதெல்லாம் துணிக்குள் கையை விட்டாள். அவர்கள் நடந்த தடத்தில் உறைபனி உருகி ஓடியது. கருகிய செடிகளில் கவட்டுக்குக் கவடு பச்சை முளைத்தது. பொங்கலுக்கு முந்தி மேல் மலையில் கொழுந்து எடுத்தார்கள். கீழ் மலை கருகியே கிடந்தது. கொழுந்து இல்லாத மலையில் வேலை இல்லை என்று அங்கே கொழுந்து பறிக்கிற கீழ் லைன் ஆட்களைப் பெயர் கூப்பிடாமலே திருப்பி அனுப்பினார்கள்.

கீழ் லைனுக்குத் தலைவர் சந்தனம். அறுபதைத் தொட்டவர், தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசிக் குரல் கம்மியவர். அவர் தனியாக, கையில் ஒன்றும் இல்லாமல், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஆறாவது வீட்டு வாசலுக்கு வந்தார். அறைக்குள்ளிருந்து புஷ்பவதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி பொன்னுத்துரை, ஒரு வாரம் புள்ளய எங்க பக்கம் குடு. ஒன் பொஞ்சாதியும் வரட்டும், தாயா புள்ளயா பாத்துக்கறோம்."

"இது மேல் லைன் புள்ளண்ணே."

"எம் மக புள்ள போன செவ்வாக்கெழம வெறச்சுப் போச்சு, தம்பி. ஒன் புள்ள வயசுதான். வெறகு ஈரம், பத்தமாட்டேன்னிருச்சு."

பொன்னுத்துரை கழியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். "அதுக்கு நான் என்னண்ணே பண்றது? வரிசையில வந்து நில்லுங்க."

சந்தனம் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மேல் லைன் புள்ள. புஷ்பவதி அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மடியில் பிள்ளை அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் கீழ் லைன் ஏறிவந்தது. ஆண்கள் கையில் கவ்வாத்துக் கத்தி, செடியைக் கழிக்கிற வளைந்த கத்தி. பெண்கள் கையில் விறகுக்கட்டை. பனி மூட்டத்துக்குள்ளிருந்து அவர்கள் பேசாமல் வந்தார்கள். மேல் லைன் ஆண்களும் கத்தியோடு இறங்கினார்கள். முதல் வெட்டு யாருடையது என்பதைப் பற்றிப் பிற்காலத்தில் மூன்று கதை சொன்னார்கள். ஒருவனுடைய காது தொங்கியது. ஒருத்தி விழுந்த புருஷனின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு முதுகில் அடி வாங்கினாள். கல்யாணத்துக்குப் பெண் கொடுத்து எடுத்தவர்கள், ஒரே தண்ணீர் டேங்கில் பதினைந்து வருஷம் குளித்தவர்கள், ஒருவரையொருவர் மாமா மச்சான் என்று உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வெட்டினார்கள். ரத்தம் பனிப்புல்லில் விழுந்து, ஓடாமல், அங்கங்கே சிவப்புக் கட்டியாக உறைந்தது.

குளிரில் மேல் லைன்காரர்களின் கை மரத்தது, கத்தி நழுவியது. அப்போது செபமாலை ஆறாவது வீட்டுக்குள் புகுந்து புஷ்பவதியின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மேட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு, பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கி, அந்தப் பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுத்த அதே செபமாலை, இரண்டு கையாலும் இரண்டு தொடையையும் பிடித்துத் திருகினாள். "வெட்டுங்கடா! கை சூடேறுதுல்ல, வெட்டுங்கடா!"

பிள்ளை அழுத அழுகை அதுவரை அழாத அழுகை. சூடு மேட்டிலிருந்து அலையலையாக இறங்கியது. மேல் லைன் ஆண்கள் விரலை மடக்கிக் கத்தியை இறுக்கிப் பிடித்தார்கள். பிள்ளையைச் சுற்றியிருந்த துணி ஓரத்தில் கருகிப் புகைந்தது, செபமாலையின் உள்ளங்கைத் தோல் பொசுங்கி நாற்றம் வந்தது, அவள் விடவில்லை.

புஷ்பவதி மேட்டில் ஏறினாள். கையை ஓங்கவில்லை, கெஞ்சவில்லை. செபமாலையின் புஜத்தில் பல்லைப் பதித்துச் சதையைப் பிய்த்தாள். பிள்ளை கைக்கு வந்தது. கொள்ளிக்கட்டையாக வந்தது. அவள் ரவிக்கை பற்றிக் கருகியது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள், லைன் கோடியில் தகர டிரம் இருக்கிற இடத்துக்கு. பின்னாலேயே மேனகா, "அம்மா, தம்பி பொகையுது, தம்பி பொகையுது" என்று ஓடிவந்தாள். டிரம்மில் தண்ணீர் மேலே நாலு விரல் கனத்துக்கு உறைந்திருந்தது. புஷ்பவதி முழங்கையால் இடித்தாள். மூன்றாவது இடியில் பனி உடைந்தது, முழங்கையும் உடைந்தது. பிள்ளையைக் கழுத்துவரை உள்ளே அமிழ்த்தினாள்.

டிரம் ஓலமிட்டது. ஆவி ஒரு தூணாக எழும்பி, விரிந்து, லைனையும் மேட்டையும் சண்டையையும் மூடியது. எதிரே நிற்பவன் யார் என்று தெரியாத அந்த வெள்ளைக்குள் வெட்டு நிற்கவில்லை. கைக்குப் பட்டவரை வெட்டினார்கள். அண்ணன் தம்பியை அடித்தான். தன் வீட்டுக் கதவையே ஒருவன் கொத்தினான். ஆவி விலகியபோது எல்லாரும் மூச்சிரைக்க நின்றார்கள். சந்தனம் மண்டை பிளந்து கிடந்தார், துண்டு இன்னும் தோளில் இருந்தது. பக்கத்தில் பொன்னுத்துரை கழியோடு நின்றான். அவனுக்கே தெரியவில்லை தான்தானா என்று.

டிரம்மிலிருந்து எடுத்த பிள்ளை நீலமாக, சத்தமில்லாமல் இருந்தது. புஷ்பவதி குப்புறப் பிடித்து முதுகில் தட்டினாள். மறுபடி தட்டினாள். தண்ணீர் வந்தது, அப்புறம் ஒரு மெல்லிய சிணுங்கல் வந்தது, அப்புறம் பிள்ளை நடுங்க ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து நடுங்காத பிள்ளை, எல்லாப் பிள்ளைகளையும்போலத் தாடை அடிக்க நடுங்கியது. மேனகா தன் ஸ்வெட்டரைத் தலைவழியே இழுத்துக் கழற்றி, வெற்று மேலோடு நின்றுகொண்டு, தம்பியின்மேல் போட்டாள். அது போதாதென்று தானே அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

போலீஸ் வந்து விசாரித்தது. சந்தனம் பனியில் வழுக்கி விழுந்து செத்துப்போனார் என்று மேல் லைன் சொன்னது. அதையே கீழ் லைனும் சொன்னது. வெட்டின கைகள் இரண்டு பக்கமும் இருந்தன. மறுநாள் காலையில் மேல் லைன் வழக்கம்போல ஆறாவது வீட்டுக்கு வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். "அவிஞ்சு போச்சு" என்று ஒருத்தி சொன்னாள். "அவிச்சுட்டா, பாவி மக" என்று இன்னொருத்தி சொன்னாள். மாவுச் சட்டிகளையும் துணிகளையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் ஜன்னலில் முதல் கல் விழுந்தது. சாயங்காலம் பொன்னுத்துரை கதவைச் சாத்திவிட்டு, "என்னடி பண்ணிட்ட, என்னடி பண்ணிட்ட" என்று கேட்டுக் கேட்டு, கை ஓயும்வரை அவளை அடித்தான். உடைந்த முழங்கையால் தலையை மறைக்க முடியாமல் அவள் வாங்கிக்கொண்டாள். அடித்து முடித்தவன் மூலையில் உட்கார்ந்தான்; கூன் திரும்ப விழுந்திருந்தது.

விடிந்து அவன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போன நேரத்தில், அவள் இளையவனைத் துணியால் நெஞ்சில் கட்டி, மூத்தவளைக் கையில் பிடித்து, மேட்டுப்பாளையம் போகிற முதல் பஸ்ஸில் ஏறினாள். மேட்டில் நின்று செபமாலை, கட்டுப்போட்ட இரண்டு கையோடு, பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவு வளைவாக பஸ் இறங்கியது. மேனகா தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினாள். பக்கத்து இருக்கையில் காய்க்கூடையோடு ஒரு பருத்த பெண். கூடலூர்ப் பக்கத்துக்காரி மாதிரி இருந்தாள். நடுங்குகிற பிள்ளையைப் பார்த்து, "குடும்மா, நான் செத்த வெச்சிருக்கேன், ஒனக்குக் கை முடியல போல" என்று வாங்கி, மடியில் போட்டு, துணியை விலக்கி ஒழுங்குபண்ணப்போனவள் அப்படியே நிறுத்தினாள். தொடை, முதுகு, அக்குள். பழுத்தவை, கறுத்தவை, மஞ்சள் பாரித்து ஆறுபவை.

"யாரு இப்படிக் கிள்ளுனது?"

புஷ்பவதி வாயைத் திறந்தாள். லைன்காரர்கள் என்று சொல்ல வந்தது. செபமாலை என்று சொல்ல வந்தது. புருஷன் பெயர் நாக்குவரை வந்தது. இருமி வளைந்த மூத்தவளின் உடம்பைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்குப் புரியும் என்றும் தோன்றியது.

"நாந்தாங்க்கா" என்றாள்.

அந்தப் பெண் கூடையைக் காலால் நகர்த்திவைத்துவிட்டு, கையை வீசி, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு தன் சேலைத்தலைப்பை உருவி, பிள்ளையை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, மார்போடு அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அடிவாரம் வரும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. புஷ்பவதியும் கேட்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொள்ளாமல், அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே தெரிந்த பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தபடியே வந்தாள். கடைசி வளைவு திரும்பியபோது நடுக்கம் நின்றிருந்தது.